சீட் போல்ட் நிற்கவே மாட்டேங்குது, 500 கி.மீ.க்கு ஒருமுறை லூஸ்

சக்கரம்125 எழுதியது:

வணக்கம். 125 சிசி கம்யூட்டர் வண்டி, 6 வருஷம் ஆச்சு. சீட்டுக்கு முன்னால் ஒரு நாக்கு, பின்னால் சைடு பேனலுக்கு உள்ளே இடது வலது ஒவ்வொரு போல்ட். வலது போல்ட் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் ஒன்று வாங்கிப் போட்டால், கையால் ரெண்டு சுற்று போகிறது, அப்புறம் இறுகி நிற்கிறது. ஸ்பேனர் போட்டுத் திருப்ப பயமாக இருக்கிறது. இடது போல்ட் பழையதுதான், ஆனால் எவ்வளவு முறுக்கினாலும் 500 கி.மீ.க்குள் லூஸ் ஆகிவிடுகிறது. ஸ்பிரிங் வாஷர் மாற்றியாச்சு. லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டால் சரியாகுமா? சிவப்பா, நீலமா?

மரைகாரன் எழுதியது:

முதலில் அந்தப் புது போல்ட்டைக் கழற்றிவிடுங்கள், ஸ்பேனர் வைக்கவே வேண்டாம். ரெண்டு சுற்று போய் நிற்கிறது என்றால் பெரும்பாலும் அது ரெண்டரை நூல் போல்ட், அதாவது 5/16 இஞ்ச். வெளி விட்டம் 7.94 மி.மீ., உங்கள் வண்டியில் இருப்பது எம் 8, அதாவது 8 மி.மீ. போல்ட். கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மரை இடைவெளிதான் வேறு: எம் 8-க்கு 1.25 மி.மீ., 5/16-க்கு இஞ்சுக்கு 18 மரை, கிட்டத்தட்ட 1.41 மி.மீ. பலமாகத் திருப்பினால் ஃபிரேமில் வெல்டு செய்திருக்கும் நட்டின் மரை போய்விடும். போல்ட் 5 ரூபாய், நட்டு போனால் பட்டறை வேலை.

சரிபார்க்க ஸ்கேல் போதும். போல்ட்டில் 10 மரை இடைவெளியை அளங்கள். 12.5 மி.மீ. வந்தால் எம் 8. 14 மி.மீ. வந்தால் இஞ்ச் போல்ட். இன்னொரு வழி, பழைய இடது போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லோடு பல் முழு நீளத்துக்கும் பொருந்தினால் ஒன்று, நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு.

தலை அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டியோடு வரும் எம் 8-க்குப் பெரும்பாலும் 12 ஸ்பேனர், கடை எம் 8-க்கு 13 ஸ்பேனர். தலைதான் வேறு, மரை ஒன்றுதான். கடையில் "எம் 8, 1.25 பிட்ச், 8.8 கிரேடு" என்று சொல்லிக் கேளுங்கள் (பிட்ச் என்றால் மரை இடைவெளி, 8.8 என்பது பலத்தின் தரம்), தலையில் 8.8 என்று அடித்திருக்கும்.

சரியான போல்ட்டும் கையால் போகவில்லை என்றால் நட்டுக்குள் மண், பெயிண்ட், துரு. எம் 8×1.25 டேப்பை (மரை வெட்டும் கருவி) எண்ணெய் விட்டு கையால் ஓட்டுங்கள்: அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. டேப் நேராக நிற்கிறதா என்பதை மட்டும் ரெண்டு பக்கமிருந்தும் பாருங்கள்.

பட்டறை_ரோடு எழுதியது:

மேலே சொன்னது வலது போல்ட்டுக்கு. இடது லூஸ் ஆவதற்குக் காரணம் வேறு, அதை லாக்டைட் தீர்க்காது.

சீட் பிராக்கெட்டின் ஓட்டையில் ஒரு ரப்பர் இருக்கும். ரப்பருக்குள் இரும்பு காலர் ஒன்று, சின்ன பைப் துண்டு மாதிரி, இருக்க வேண்டும். சீட் கழற்றும்போது அது கீழே உருண்டு போவது ரொம்ப சகஜம், யாரும் கவனிப்பதில்லை. காலர் இருந்தால் போல்ட் இரும்பின் மேல் இரும்பாக இறுகும், ரப்பர் அதிர்வை மட்டும் வாங்கும். காலர் இல்லையென்றால் நீங்கள் முறுக்குவது ரப்பரை. இன்றைக்கு இறுக்கமாகத் தெரியும்; ஆள் உட்கார்ந்து நாலு நாள் ஓடினால் ரப்பர் அமுங்கும், போல்ட்டில் இழுவிசை போய்விடும், அதன் பிறகு அது கழல்வதற்கு அதிர்வு மட்டும் போதும். ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். போல்ட் குறுக்காக அசையும்போது அந்த வாஷர் பிடிக்காது என்பதை ஜெர்மனியின் ஜுங்கர் என்ற பொறியாளர் 1969-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்.

சீட்டைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் ஓட்டையில் விரல் நுனி வைத்தால் இரும்பு விளிம்பு தட்டுப்பட வேண்டும். மெத்தென்று இருந்தால் காலர் இல்லை. ஸ்பேர் கடையில் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து வாங்கலாம்: உள் விட்டம் 8.5 மி.மீ., வெளி விட்டம் ரப்பர் ஓட்டைக்கு ஏற்ப, நீளம் புது ரப்பரின் தடிமனைவிட அரை முதல் 1 மி.மீ. குறைவாக. குறைவு ஏனென்றால் ரப்பர் கொஞ்சம் அமுங்கினால்தான் சீட் கடகடக்காது. மேலே போடும் வாஷர் ரப்பர் ஓட்டையைவிடப் பெரியதாக இருக்கட்டும், இல்லையென்றால் போல்ட் தலையோடு உள்ளே இறங்கும். ரப்பர் வெடித்திருந்தால் ரெண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

போல்ட் நீளத்தையும் கணக்குப் போட்டே வாங்குங்கள். வாஷர் 1.6, காலர் 10, ஃபிரேம் தகடு 2, நட்டு 6.5 என்றால் 20 மி.மீ. ஆகிறது, நட்டைத் தாண்டி ரெண்டு மரை வெளியே தெரிய 25 மி.மீ. போல்ட். 40 மி.மீ. போட்டால் பின்னால் போகிற டெயில் லைட் ஒயரில் உரசும், மட்கார்டில் முட்டினால் சீட் பிடிக்காமலேயே போல்ட் இறுகிவிட்டது போலத் தோன்றும். உங்கள் வண்டி அளவை அளந்துகொள்ளுங்கள், இது உதாரணம்தான்.

நீலத்துளி எழுதியது:

லாக்டைட் பற்றி. காலரைச் சரிசெய்த பிறகு போட்டால் நல்லது. நீலம், 243. சிவப்பு 271 வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற 250 டிகிரி போலச் சூடு ஏற்ற வேண்டும், பக்கத்தில் ஃபோம், ரப்பர், பெட்ரோல் டேங்க்.

போல்ட் மரையையும் நட்டையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள். நட்டுக்குள் உட்காரும் பகுதியில் 2 துளி. பிளாஸ்டிக் பேனலில் படக்கூடாது, சில பிளாஸ்டிக் கோடு கோடாக வெடிக்கும். சுமார் 20 நிமிஷத்தில் பிடிக்கும், முழு பலத்துக்கு 24 மணி நேரம். அதுவரை வண்டியை நிறுத்தி வைப்பது மேல்.

மாட்டும் வரிசை: நாக்கை முதலில் முன்னால் கொக்கியில் செலுத்தி, டேங்க் பக்கம் சீட்டைத் தூக்கிப் பாருங்கள், எழும்பக்கூடாது. பிறகு ரெண்டு போல்ட்டையும் கையாலேயே நாலைந்து சுற்று ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனர். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கினால் மறுபக்க ஓட்டை விலகிவிடும், அங்கேதான் மரை கோணலாக ஏறும். சர்வீஸ் மானுவலில் டார்க் (முறுக்கும் அளவு) இருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் எம் 8-க்கு 20 நியூட்டன் மீட்டர் போதும்: 15 செ.மீ. பிடியில் 13, 14 கிலோ இழுப்பு.

கடைசியாகப் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள், போல்ட் திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

சக்கரம்125 எழுதியது:

10 மரைக்கு 14 மி.மீ. வந்தது, இஞ்ச் போல்ட்தான். இடது பக்க ரப்பரில் காலர் இல்லை. வலதில் இருக்கிறது, அளவு எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை முறுக்க வேண்டுமா?

நீலத்துளி எழுதியது:

வேண்டாம். காய்ந்த லாக்டைட்டை முறுக்கினால் பிடிப்பு உடைந்துவிடும். கோட்டை மட்டும் பாருங்கள். விலகியிருந்தால் கழற்றி, காய்ந்த நீலத்தை ஒயர் பிரஷ்ஷால் எடுத்து, புதிதாகப் போட்டு இறுக்குங்கள்.