பெயர் மறைத்து விற்கும் ஹோட்டல் அறைகள்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து நயாகராவுக்கோ சிகாகோவுக்கோ அழைத்துப்போக நினைப்பவர்களை முதலில் மலைக்க வைப்பது ஹோட்டல் வாடகைதான். ஏலம் கேட்டால் அறை மலிவாகக் கிடைக்குமா என்று இங்கே சிலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஹோட்டல் அறை, விமான டிக்கெட் விற்கும் ப்ரைஸ்லைன் என்ற இணையதளம் 1998இல் தொடங்கியபோது புகழ்பெற்றது அந்த ஏல முறை. ஊரின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரத் தரம் என்று தேர்ந்தெடுத்து, ஓர் இரவுக்கு இவ்வளவுதான் தருவேன் என்று நாமே ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். ஏதேனும் ஒரு ஹோட்டல் அதை ஏற்றுக்கொண்டால் உடனே கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும். பெயர் அதன் பிறகுதான் தெரியும். மறுக்கப்பட்டால், பகுதியையோ தரத்தையோ தேதியையோ மாற்றாமல் உடனே மறுபடி கேட்க முடியாது என்பதால், நாம் கேட்கும் தரத்தில் ஹோட்டலே இல்லாத ஒரு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்து இன்னொரு வாய்ப்பைப் பெறும் உத்தியை அனுபவசாலிகள் கையாண்டார்கள். அந்த ஏலம் இப்போது இல்லை. பழைய குறிப்புகளை நம்பி அதைத் தேட வேண்டாம்.

இன்று இருப்பவை ப்ரைஸ்லைனின் எக்ஸ்பிரஸ் டீல்ஸ், ஹாட்வயர் என்ற இன்னொரு தளத்தின் ஹாட் ரேட் போன்ற சலுகைகள். விலையை அவர்களே காட்டுவார்கள், பெயர் மட்டும் மறைந்திருக்கும். விற்காமல் போன ஓர் இரவின் வருமானம் ஹோட்டலுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. ஆனால் சொந்தப் பெயரிலேயே விலையைக் குறைத்தால் முழு வாடகை தர வந்தவர்களும் குறைந்த விலையையே கேட்பார்கள். அதனால்தான் இந்த மறைப்பு. பெயரை ஓரளவு ஊகிக்கவும் வழி உண்டு: அதே தளத்தில் அதே தேதிக்கு, அதே பகுதியிலும் அதே நட்சத்திரத் தரத்திலும் பெயரோடு காட்டப்படும் ஹோட்டல்களை எடுத்து, நீச்சல் குளம், இலவசக் காலை உணவு, விருந்தினர் மதிப்பெண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் இரண்டு மூன்று பெயர்களே மிஞ்சும்.

விலையை ஒப்பிடும்போது இறுதித் தொகையை மட்டுமே பாருங்கள். சிகாகோவில் ஹோட்டல் வரி 17 விழுக்காட்டுக்கும் மேல். நகர மையத்தில் ஓர் இரவு கார் நிறுத்த 50 டாலருக்கு மேல் கேட்கும் ஹோட்டல்கள் பல. லாஸ் வேகஸில் வாடகையோடு, ஹோட்டல் வசதிகளுக்கென்று கட்டாயமாக வசூலிக்கும் ரிசார்ட் கட்டணமும் உண்டு. 2025 மே மாதம் முதல், ரிசார்ட் கட்டணம் போன்ற கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்த வேண்டும் என்ற மத்திய விதி நடைமுறையில் இருக்கிறது; ஆனாலும் பார்க்கிங் போன்றவற்றை நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அறைகளைப் பொதுவாக ரத்து செய்யவோ தேதி மாற்றவோ முடியாது. விமான டிக்கெட்டுக்கு உள்ள 24 மணி நேர ரத்து விதி ஹோட்டலுக்கும் பொருந்தும் என்று நம்பிப் பணத்தை இழந்தவர்களை நான் அறிவேன். பதிவு செய்யும் பெயரிலும் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பதால் விசாவில் எஃப்என்யூ (FNU, அதாவது முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சிடப்பட்ட நம்மவர்கள் பலர் உண்டு; ஹோட்டலில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். கிரெடிட் கார்டு இன்னும் கிடைக்காமல் டெபிட் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள், அந்தக் கார்டை ஏற்பார்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டாலும், முன்பணமாக முடக்கப்படும் தொகை கணக்குக்குத் திரும்பச் சில நாட்கள் ஆகலாம்.

கட்டில் வகைக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது. பல சலுகைகள் இருவருக்கான அறையை மட்டுமே உறுதி செய்கின்றன. அப்பா, அம்மா, குழந்தையோடு நாங்கள் இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்த ஓர் ஊரில், ஒற்றைப் பெரிய கட்டில் உள்ள அறைதான் மிச்சம் இருந்தது. முழங்கால் வலியுள்ள என் அம்மா நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. சேமித்தது முப்பது டாலர். அன்றிலிருந்து, பெற்றோரோடு போகும்போது இரண்டு கட்டில் என்று தெளிவாகக் குறிப்பிட்ட, ரத்து செய்யக்கூடிய அறையைப் பெயர் பார்த்தே பதிகிறேன். நேர்முகத் தேர்வுக்கோ அலுவலகப் பயிற்சிக்கோ தனியாகப் போகும் ஓர் இரவுக்கு மட்டும், பயணம் உறுதியான பிறகு, பெயர் மறைத்த அறையை எடுத்துக்கொள்கிறேன்.