டஸ்கனி வெள்ளைச் சாலைகள்: செப்டம்பர் கடைசியில் எந்தப் பக்கம் ஓட்டலாம்?

புழுதிக்கால்:
செப்டம்பர் கடைசி வாரத்தில் ஐந்து நாள் இத்தாலியின் டஸ்கனியில் உள்ள சியேனாவில் தங்கி, சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களின் 'வெள்ளைச் சாலைகள்' எனும் சரளைச் சாலைகளில் ஓட்டத் திட்டம். கிராவல் (சரளைச் சாலைக்கான) சைக்கிள், 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயர், முன்னால் ஒற்றை 42 பல் சக்கரம், பின்னால் 11 முதல் 36 பல் வரை. என் எடையும் சைக்கிளும் சாமானும் சேர்ந்து 90 கிலோ. வடக்கே கியாந்தி பக்கமா, தெற்கே க்ரேத்தே செனேசி, மொந்தால்சீனோ பக்கமா? இந்த கியர் போதுமா? மழை பெய்தால் என்ன செய்வது?

வெள்ளைச்சாலை:
உங்கள் மூன்றாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. இந்த ஊரில் பாதையைத் தூரம் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள், மண்ணைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

சியேனாவுக்கு வடக்கே கயோலே, ராத்தா, காஸ்தெல்லீனா பக்கம் முழுக்கக் கல் நிலம். கலேஸ்த்ரோ என்ற உதிரும் களிப்பாறையும், அல்பெரேசே என்ற சுண்ணாம்புக் கல்லும்தான். தண்ணீர் கீழே இறங்கிவிடும். மழை விட்டதும் ஓட்டலாம். ஈரத்தில் புழுதி அடங்கி இறுகுவதால் சில இடங்களில் பிடிமானம் கூடவும் செய்யும். தெற்கே, தென்கிழக்கே க்ரேத்தே செனேசி பழைய கடலடிக் களிமண். காய்ந்திருந்தால் சிமென்ட் தரை மாதிரி ஓடும். நனைந்தால் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) சக்கரத்துக்கும் இடையே அடைத்து, சக்கரமே சுற்றாது. 2010 ஜிரோ என்ற இத்தாலியச் சைக்கிள் பந்தயத்தில் மொந்தால்சீனோவில் முடிந்த ஏழாம் கட்டத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். கேடல் எவன்ஸ் வென்ற நாள் அது. சேற்றில் யார் எந்த அணி என்றே தெரியாது.

அதனால் நாட்களை முன்கூட்டியே பூட்டிவிடாதீர்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே தெற்கை முடித்துவிடுங்கள், வடக்கை மழைக்கு ஒதுக்கி வையுங்கள். பலரும் கியாந்தியில் தொடங்கி, கடைசி நாளுக்குத் தெற்கை வைத்து, மழையில் அதை இழந்துவிடுகிறார்கள்.

தெற்கில் விடக்கூடாதது மொந்தே சாந்தே மரீயே. 11.5 கி.மீ. வெள்ளைச் சாலை, ஏறி இறங்கி முதுகெலும்பு போன்ற மேட்டின் மேலேயே போகும். இந்த வெள்ளைச் சாலைகளில் நடக்கும் ஸ்ட்ராதே பியாங்கே சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை (2008, 2012, 2016) வென்ற வீரர் கான்செல்லாராவின் பெயரை இந்தப் பகுதிக்குத்தான் சூட்டினார்கள். அஷானோவில் இரண்டு பாட்டிலும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்; நிழல் மிகக் குறைவு. மழை வந்துவிட்டால் சியேனா–அஷானோ இடையே மேட்டின் மேல் செல்லும் எஸ்பி 438 தார்ச்சாலை இருக்கிறது. அதே காட்சி, களிமண் இல்லை. அஷானோவிலும் புவோன்கொன்வெந்தோவிலும் ரயில் நிலையம் உண்டு, ஆனால் வண்டிகள் குறைவு. நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

வடக்கில் கயோலே, ப்ரோலியோ கோட்டை ஏற்றம், பியனெல்லா, வால்யால்யி, ராத்தா, மறுபடி கயோலே என்று ஒரு வட்டம். ப்ரோலியோவுக்கு ஏறும் சைப்ரஸ் மர வெள்ளைச் சாலையை அதிகாலையில் ஏறுவது நல்லது. லெரோயிக்கா என்ற பழைய சைக்கிள்களுக்கான ஓட்ட நிகழ்ச்சியின் 209 கி.மீ. நிரந்தரப் பாதைக்கு வழி நெடுகப் பலகைகள் இருப்பதால், துண்டு துண்டாக அதையே பின்பற்றலாம். அந்த நிகழ்ச்சி அக்டோபர் முதல் ஞாயிறு கயோலேயில் நடக்கும். அதையொட்டிய நாட்களில் அங்கே அறை கிடைப்பது கடினம். சியேனாவில் தங்குவது சரியான முடிவு.

34பல்:
கியர் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சியேனாவை ஒட்டிய லே தோல்ஃபே 1.1 கி.மீ.தான், ஆனால் 18% வரை போகும். கோல்லே பின்சூத்தோ 2.4 கி.மீ., 15% வரை. 15 சதவீதத்தில் 90 கிலோவை சரளையில் ஏற்ற சுமார் 140 நியூட்டன் விசை வேண்டும். உங்கள் 42/36 கியரில் நிமிடத்துக்கு 60 மிதி (முழுச் சுற்று) என்றால் மணிக்கு 9.2 கி.மீ.; அதற்கு 360 வாட் ஆகும். அவ்வளவு சக்தி இல்லாவிட்டால் மிதி 40க்கு விழும். அப்போது ஒவ்வொரு மிதியிலும் பின்சக்கரம் துள்ளிச் சறுக்கும். எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து இன்னும் மோசம். உட்கார்ந்தபடியே சீட்டின் முனைக்கு நகர்ந்து, முழங்கையைத் தாழ்த்தி ஏறுவதுதான் வழி. அதற்குச் சின்ன கியர் இருந்தே ஆக வேண்டும்.

கேசட்டை (பின்பல் தொகுதியை) மாற்றினால், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டிரெய்லியர் தாங்குமா என்ற சிக்கல் வரும். முன்பல்லை 36 ஆக்குவது எளிது. பூட்டும் துளை அளவு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். 36/36இல் அதே 60 மிதிக்கு 7.9 கி.மீ., சுமார் 310 வாட். மிதியை 50க்கு இறக்கினால் 260 போதும். மேல் முனையில் 36/11 கூட 90 மிதிக்கு 38 கி.மீ. தரும், இந்தச் சாலைகளில் அதற்கு மேல் மிதிக்கத் தேவையே வராது. செயினில் ஒரு ஜோடிக் கண்ணி எடுத்துவிடுங்கள்.

டயர் 40 போதும், ஆனால் ஃபோர்க்கில் இருபுறமும் 6 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி இருக்கட்டும். காற்று முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். வளைவுகளுக்கு முன் கார்கள் பிரேக் போட்டுப் போட்டு சாலை அலையலையாகியிருக்கும். அதன் மேல் பிரேக் பிடித்தால் டயர் தரையைத் தொட்டும் விட்டும் ஓடும், பிடிமானம் போய்விடும். அலை தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, கார் சக்கரம் பதிந்த வழவழப்பான தடத்தில் போங்கள். நடுவில் குவிந்த உதிரிக் கல் மேல் திருப்பாதீர்கள்.

வெள்ளைப் புழுதி ஈர எண்ணெயில் ஒட்டி உப்புத்தாள் போல செயினைத் தேய்க்கும், மெழுகுதான் சரி. டயர் துளையை அடைக்கும் சீலன்ட் திரவம் சக்கரத்துக்கு 60 மி.லி. புதிதாக ஊற்றுங்கள். டிரெய்லியரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் ஒன்று உபரியாகக் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்: களிமண் அடைத்த செயினை வலிந்து மிதித்தால் டிரெய்லியர் ஆரக்காலுக்குள் போய் ஹேங்கர் முறியும். சக்கரம் கனக்கிறது என்று உணர்ந்த உடனே இறங்கிக் குச்சியால் சுரண்டுங்கள்.

மெதுநடை:
டயர் விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். வடக்கில் மட்டும் ஓட்டினால் 35 மி.மீ.யே தாராளம், பாதி வழி தார்தான். தெற்குக்கு 40 சரி.

செப்டம்பர் கடைசி திராட்சை அறுவடைக் காலம். குறுகிய வளைவுகளில் டிராக்டரும் தொட்டி வண்டியும் எதிரே வரும். வலது ஓரத்தை விடாதீர்கள், வழி விட்டு நில்லுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம். கொடி வரிசைகளுக்கு இடையே ஓட்டுவது கூடாது. "ஸ்ட்ராதா ப்ரிவாதா" (தனியார் சாலை) என்றோ "ப்ரோப்ரியெத்தா ப்ரிவாதா" (தனியார் சொத்து) என்றோ பலகை இருந்தால், வரைபடம் வழி காட்டினாலும் திரும்பிவிடுங்கள். வேட்டைக் காலமும் அப்போது தொடங்கியிருக்கும். காட்டோரப் பாதைகளில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள்.

ஆட்டு மந்தை தென்பட்டால் வெள்ளை மரேம்மா காவல் நாய்கள் இருக்கும். மிதித்துத் தப்பப் பார்த்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, நாயை உற்றுப் பார்க்காமல் மெதுவாக மந்தையைச் சுற்றி நடந்து கடந்துவிடுங்கள்.

ஃபிரென்சே (புளோரன்ஸ்)–சியேனா விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. காஸ்ஸியா சாலையிலும் லாரிகள் அதிகம், குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஊர்களுக்கு வெளியே சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின் ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஒயின் சுவைப்பதை ஓட்டம் முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். சிற்றூர்க் கடைகள் மதியம் மூடிவிடும், எனவே 12:30க்குள் சாப்பாடு வாங்கிவிடுங்கள்.

புழுதிக்கால்:
36 பல் வாங்குகிறேன். ஒன்று மட்டும்: மழை நின்ற மறுநாள் களிமண் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெள்ளைச்சாலை:
வெயிலும் காற்றும் இருந்தால் மேடு ஒரே நாளில் காய்ந்துவிடும். வடக்கு நோக்கிய சரிவும் பள்ளத்தின் அடியும் காயாது, அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அதனால் மேட்டில் சோதிக்காதீர்கள். முதல் பள்ளத்தில் இறங்கி, குதிகாலை அழுத்தித் திருப்புங்கள். மண் பொடியாக உடைந்தால் போகலாம். காலணியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தால் திரும்பி 438ஐப் பிடியுங்கள்.