சுமைதாங்கி இருந்த வளைவில் ராத்திரி கேட்கும் சத்தம்

ஊர் வளைவில் நின்ற சுமைதாங்கி, அதாவது வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கும் கல், விழுந்து காணாமல் போய்விட்டது; அங்கே ராத்திரி கேட்கும் அலறலும் தெரியும் வெளிச்சமும் பேயா என்று ஒருவர் கேட்டதற்கு வந்த பதில்கள் இவை.

திருவையாறு பக்கத்திலிருந்து:
கல் போய்விட்டது, பயம் மட்டும் புளியமரத்தடியிலேயே நிற்கிறது. பெண் அலறுவது போலக் கேட்பது கூகை என்ற ஆந்தை. வெள்ளை முகம், மொட்டைப் பனைப் பொந்தில் குடியிருக்கும். சத்தம் தலைக்கு மேல் நகர்ந்தால் அதுதான். சந்தேகம் தீரவில்லையென்றால் பகலில் பனையடியைப் பாருங்கள்: எலி முடியும் எலும்பும் திரண்ட கரிய உருண்டைகள் கிடக்கும். வயல் மேல் ஒற்றையாக ‘வாக்’ என்று போவது வக்கா என்ற இராக்கொக்கு. வரப்போரம் ஏறி இறங்கும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார்கள். இந்தக் காலத்தில் அது பெரும்பாலும் நண்டு, எலி பிடிப்பவர்களின் நெற்றி விளக்கு.

கும்பகோணத்திலிருந்து:
கூகை சரி அண்ணே, ஆனால் கூகை இல்லாத ஊரிலும் சுமைதாங்கி என்றால் ஒதுங்கித்தானே போனார்கள். சூலோடு இறந்தவளுக்காக நட்ட கல் அது. வழிப்போக்கன் சுமையை இறக்கி வைக்க வைக்க அவள் வயிற்றுப் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. உச்சிப் பொழுதில் பிள்ளைத்தாய்ச்சிகளை அங்கே விடாதது அதனால்தான். கல்வெட்டில் ‘துன்மதி வருடம்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் பெயர் அது; 1861இலும் வந்தது, 1921இலும் வந்தது.

கல்வேலை தெரிந்தவர்:
பேயை விடுங்கள், கல் ஏன் விழுந்தது என்று கேளுங்கள். இரண்டு கால், மேலே ஒரு படுக்கைக்கல். உயரம் ஏறக்குறைய நாலரை அடி, ஆள் தோள் மட்டம். அதற்கு மேல் போனால் இறக்க முடியாது. தாழ்ந்தால் துணையில்லாமல் மறுபடி தூக்க முடியாது. முழங்காலை லேசாக மடக்கி, சுமையின் முன் விளிம்பைக் கல்லில் பொருத்தி, தலையை உருவிக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது சும்மாட்டை, அதாவது சுமைக்கு அடியில் வைக்கும் துணிச் சுருளை, தலையில் வைத்துவிட்டுத்தான் சுமையை இழுக்க வேண்டும்.

தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்தபோது கல் இடுப்பளவுக்குக் குறுகியது. அப்போதே அது பயனில்லாமல் போயிற்று. பிறகு குழாய் பதிக்கக் கல்லின் காலை ஒட்டிப் பள்ளம் வெட்டினார்கள். நம் வண்டல் மண் நனைந்தால் இளகும்; கால் வெளிப்பக்கம் சாயும். படுக்கைக்கல் ஒருமுனை நழுவி விழுந்து நடுவில் பிளக்கும். கருங்கல் நசுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும். சாபமெல்லாம் இல்லை.

மன்னார்குடியிலிருந்து:
விழுந்த கல் எங்கே போயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெல்டாவில் பாறை கிடையாது. கல்லெல்லாம் மேற்கிலிருந்து வண்டியில் வந்தது. அதனால் பேய்க்கல் என்று பயந்த ஊரும் அதை வீணாக்கியிருக்காது. வாய்க்காலின் குறுக்கே, படித்துறையில், துவைகல்லாக, மாட்டுக்கொட்டகை வாசலில் தேடுங்கள். நீளம் ஐந்தாறு அடி, ஒரு நீள்விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழப்பு என்றால் சந்தேகப்படலாம். எழுத்து பெரும்பாலும் குப்புறக் கிடக்கும். இரும்பு பிரஷ்ஷோ ஆசிடோ வேண்டாம். தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். மேலிருந்து ஃபிளாஷ் போட்டால் ஒன்றும் தெரியாது.