கதவில்லாத என்ஜின்: மெட்டு ரோட்டில் டீசல் வண்டி ஓட்டியவர்கள் சொன்னவை

மெட்டுக்காரன், கம்பம்:

டீசல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்று கூடப் போவதில்லை, டீசல் மட்டும்தான் கூடும். பல வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்களிடம் இதைச் சொன்னால்கூட நம்ப மறுக்கிறார்கள். பெட்ரோல் வண்டியில் காற்று போகும் பாதையில் ஒரு கதவு உண்டு. மிதிக்க மிதிக்க அது திறக்கும். டீசலுக்கு அந்தக் கதவு கிடையாது. பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு தடவையும் வயிறு நிறையக் காற்றை இழுக்கும். மேலே ஏறும்போது அதைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நசுக்கும். அந்த நசுக்கலிலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பீய்ச்ச, அது தானே பற்றிக்கொள்ளும். பிளக்கும் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

மலை ஏறுகிற நமக்கு இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எங்கள் பக்கம் விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். போடியில் சுத்தமாக ஓடிய அதே வண்டி, போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் கரும்புகை தள்ள ஆரம்பிக்கும். வண்டி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் மேலே போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்புக்கு அது எப்படித் தெரியும்? கீழே அடித்த அதே அளவு டீசலைத்தான் அடிக்கும். எரியக் காற்று போதாமல் மிச்சப்படும் டீசல் கரியாகி வெளியே வரும். டர்போ வைத்த வண்டியில் இந்தத் தொல்லை குறைவு, அது காற்றைத் தானே அழுத்தி உள்ளே தள்ளிவிடும்.

இதில் நம்ம ஆட்கள் செய்கிற கூத்து வேறு. "பிக்கப் பத்தலண்ணே" என்று பட்டறையில் போய் டீசலைக் கூட்டி வைக்கச் சொல்வார்கள். மெக்கானிக்கும் பம்பில் ஸ்குரூவைத் திருகி விடுவார். தேவாரம் ரோட்டில் வண்டி பறக்கும். மெட்டில் பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொள்வான், சிலிண்டர் சூடேறும், பிஸ்டன் தலை கருகும். காற்று இல்லாத இடத்தில் டீசலை ஊற்றி யாருக்கு லாபம்?

மலையில் உங்கள் வண்டி என்ன செய்தது, எப்படிச் சரிக்கட்டினீர்கள்? எழுதுங்கள்.

பம்புக்கடை, தேனி:

அண்ணன் சொன்னது சரி, ஒரு சின்னத் திருத்தம். என்ஜின் வேகத்துக்குத் தக்கபடி டீசலைக் கூட்டிக் குறைப்பது கவர்னர். சில பழைய பம்புகளில் காற்றின் உறிஞ்சலால் வேலை செய்யும் வேக்யூம் கவர்னர் வரும். அந்த வண்டிகளில் காற்றுக்குழாய்க்குள் ஒரு தட்டு இருக்கும், காலால் மிதிப்பது அந்தத் தட்டைத்தான். ஆனால் அது இருப்பது காற்றை அளந்து கொடுக்க அல்ல; கவர்னரின் சவ்வை இழுக்க. மற்றபடி உங்கள் கணக்கு பொருந்தும்.

என் வேலையே லைன் பம்பைப் பிரித்து மாட்டுவது. ஊர்ப்பக்கம் இன்னும் 'மைக்கோ பம்பு' என்றுதான் கேட்டு வருவார்கள், பாஷின் இந்தியக் கம்பெனிக்குப் பழைய பெயர் அது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய என்ஜினில் இந்தப் பம்பு கிடையாது. அழுத்திய காற்றை வைத்து எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளினார்கள். அந்தக் கம்ப்ரஸரைச் சுமந்துகொண்டு லாரியா ஓட்ட முடியும்? 1927-ல் பாஷ் கம்பெனி பம்பை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் என்ஜின் ரோட்டுக்குத் தோதான பொருளாயிற்று.

பம்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக எலிமென்ட் இருக்கும். அதாவது ஒரு பேரல், அதற்குள் ஒரு பிளஞ்சர். பிளஞ்சர் ஏறி இறங்கும் தூரம் எப்போதும் ஒன்றுதான். அதன் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ஏறும்போது அந்த வெட்டு பேரலின் ஓட்டைக்கு நேரே வந்த கணத்தில் அழுத்தம் வடிந்து, டீசல் அடிப்பது நின்றுவிடும். நீங்கள் மிதித்தால் ரேக் என்கிற பல் வைத்த கம்பி நகர்ந்து பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்புகிறது. வெட்டு ஓட்டைக்கு வருவது தாமதமாகிறது, அதனால் டீசல் கூடுகிறது. அவ்வளவுதான் மொத்த வித்தையும். ஜீப் என்ஜினில் முழு மிதியில்கூட ஒரு தடவை உள்ளே போவது ஏறக்குறைய ஒரு சொட்டு. 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 25 தடவை அந்தச் சொட்டை அளந்து கொடுக்க வேண்டும்.

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான். வாஷரோ சீலோ எதுவும் இல்லை; உலோகமே உலோகத்தை அடைத்து நிற்க வேண்டும். தேய்மானம் பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. சுத்தமான டீசலில் கழுவி, பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரை பாதி வெளியே இழுத்து விட வேண்டும். தன் கனத்தில் நிதானமாக வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால் நல்லது. சடக்கென்று விழுந்தால் தேய்ந்திருக்கிறது, நடுவில் நின்றால் கீறல் இருக்கிறது. துணியால் துடைக்கவே மாட்டோம், ஒரு நூல் இழை போதும் கெடுப்பதற்கு.

நாசிலை டெஸ்டரில் மாட்டி லீவரை அமுக்கினால் நல்ல நாசில் 'க்ரீச்' என்று கத்திக்கொண்டு புகைபோலப் பீய்ச்சும். நேராக அடிக்கும் டிஐ என்ஜின் நாசில் 200 பாரை ஒட்டித் திறக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பழைய ஜீப்புகளில் வந்த பீஜோ மாதிரி தனி அறையில் எரியும் என்ஜினுக்கு அதைவிட நன்றாகக் குறைவு. கத்தாமல் ஒழுகினாலோ, நுனியில் சொட்டு தொங்கினாலோ ஊசி உட்காரவில்லை என்று அர்த்தம். அந்தச் சொட்டுதான் நேரம் தப்பி எரிந்து புகையாகும்.

ஒரு தடவை வண்டன்மேட்டிலிருந்து வந்த வண்டியில் எல்லா எலிமென்ட்டும் ஒன்றுபோலக் கீறியிருந்தன. ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் லேசான நீலம். ரேஷன் மண்ணெண்ணெய்க்குச் சேர்க்கிற சாயம். இந்தப் பம்பின் பிளஞ்சருக்கு டீசலேதான் உயவு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவருக்குப் பம்பு முழுவதும் புது எலிமென்ட் போட வேண்டியதாயிற்று. யார் கலந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏலத்தோட்டம்:

நான் ஓட்டுபவள் இல்லை, பின்னால் உட்கார்ந்து போகிறவள். ஆடி மாதச் சாரலில் கம்பம்மெட்டு ஏறும்போது எங்கள் ஜீப் இருமி இருமி நின்றுவிட்டது. டீசல் தீர்ந்துபோயிருந்தது. வேறொரு ஜீப்பிலிருந்து கேனில் கொஞ்சம் டீசல் வாங்கி ஊற்றினார்கள். கிளம்பிவிடும் என்று பார்த்தால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவே இல்லை.

"டீசல்தான் ஊத்தியாச்சுல்ல அண்ணே, இன்னும் என்ன?" என்று கேட்டேன். "ஏர் பிடிச்சிருச்சும்மா, ஏர் எடுக்காம எந்திரிக்காது" என்று டிரைவர் பேனட்டைத் தூக்கினார். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதால் முழுசும் பார்த்தேன். ஃபில்டர் மேலிருந்த ஸ்குரூவை லேசாக இளக்கிவிட்டு, பம்பின் ஓரத்தில் இருந்த குமிழை விரலால் மேலும் கீழும் அடித்தார். முதலில் சோப்பு நுரை மாதிரி புசுபுசுவென்று வந்தது. அடிக்க அடிக்க நுரை குறைந்து, கடைசியில் குமிழி இல்லாத டீசல் வழிந்தது. ஸ்குரூவை முடுக்கினார். அப்புறம் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை இளக்கி, செல்ஃப் அடிக்கச் சொல்லி, அங்கேயும் டீசல் கசிந்ததும் முடுக்கினார். பிடித்துக்கொண்டது.

அவர் சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை. டீசல் நசுங்காது, காற்று நசுங்கும். குழாயில் காற்று இருந்தால் பம்பு தள்ளுகிற தள்ளு எல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது. அன்றைக்குத் தோட்டத்துக்குத் தாமதமாகப் போய் அரை நாள் கூலிதான் கிடைத்தது. அது வேறு கதை.

செங்கோட்டை லோடு:

நமக்கு ரூட் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர். எஸ் வளைவு ஏறும்வரை ஒரு கவலை, கோட்டைவாசல் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது வேறு கவலை.

முதலில் நியூட்ரல் விஷயம். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் சில பேர் நம்புகிறார்கள். நேர் எதிர். கியரில் வைத்துக் காலை எடுத்தால் சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. ஐடில் வேகத்துக்கு (வண்டி சும்மா நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) மேல் சுற்றுவதைப் பார்த்ததும் கவர்னர் ரேக்கை இழுத்து டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க ஐடிலுக்கு டீசல் கொடுத்தே ஆக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு பண்ணுகிறார்கள், பிரேக் டிரம் காய்வது தனி.

மெட்டுக்காரர் சொன்ன கதவு இங்கேயும் வருகிறது. காற்றை அடைக்க ஒன்றும் இல்லாததால் டீசல் என்ஜின் தானாகப் பெரிதாக வண்டியைப் பிடிக்காது. அதனால்தான் லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். புகை போகும் குழாயில் ஒரு தட்டை மூடிவிட்டால், வெளியே தள்ள முடியாமல் பிஸ்டன் திணறும், வண்டி மட்டுப்படும். உள்ளே வைக்காத கதவை வெளியே வைத்த மாதிரி.

அடுத்தது தென்மலைப் பக்கம் ஒரு பட்டறையில் கண்ணால் கண்டது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சர்வீஸுக்கு வந்த ஒரு வேன் நின்ற இடத்திலேயே உறும ஆரம்பித்தது. யாரும் மிதிக்கவில்லை. டிரைவர் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தே விட்டான், அது பாட்டுக்கு ஏறுகிறது. வெண்ணீலப் புகை ரோட்டையே மறைத்துவிட்டது. ஆள் எல்லாம் ஓட்டம். அங்கிருந்த மலையாள மேஸ்திரி மட்டும் "மாறிக்கோ அண்ணாச்சி" என்று என்னைத் தள்ளிவிட்டு, காற்றுக்குழாயைப் பிடுங்கி, கிடந்த பலகைத் துண்டை அந்த வாயில் வைத்து அழுத்தினார். ஒரு குலுக்கு குலுக்கி என்ஜின் செத்தது.

டர்போவின் சீல் போய், என்ஜின் ஆயில் காற்றோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. நசுங்கிய சூட்டில் டீசல் எரிந்தால் என்ன, ஆயில் எரிந்தால் என்ன? பம்பை நிறுத்திப் பிரயோஜனம் இல்லை, காற்றை நிறுத்தினால்தான் உண்டு. பலகைக்குப் பதில் கையை வைத்திருந்தால் போச்சு, அந்த உறிஞ்சல் சாதாரணம் இல்லை. மேனுவல் கியர் வண்டியில் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டும் அடக்கலாம் என்றார் மேஸ்திரி. அந்த நேரத்தில் வண்டிக்குள் ஏறி உட்காரத் தைரியம் வேண்டும்.

குமுளி டாக்சி:

பழைய வண்டிக் கதையாகவே போகிறது, சென்சார் வண்டி பற்றிக் கொஞ்சம். காமன் ரயில் என்றால் ஒரு பம்பு இடைவிடாமல் டீசலை அழுத்தி ஒரு தடித்த குழாயில் நிரப்பி வைக்கும், அதுதான் ரயில். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். எப்போது, எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்லும். காரில் முதலில் வந்தது 1997-ல், ஆல்ஃபா ரோமியோ 156. ஆரம்பத்தில் 1,350 பார், இப்போது 2,000 பாரைத் தாண்டிவிட்டது.

பழைய என்ஜின் 'கடகட' என்று அடிப்பதற்குக் காரணம், பீய்ச்சிய டீசல் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்து, அதற்குள் சேர்ந்தது எல்லாம் ஒரேயடியாக வெடிப்பதுதான். காமன் ரயிலில் முதலில் துளியூண்டு அடித்துப் பற்றவைத்துவிட்டு, பிறகுதான் மீதியை அடிக்கும். சத்தம் பாதி அடங்கிவிட்டது. மெட்டில் புகையும் இல்லை. காற்றழுத்தம் குறைவதை சென்சார் பார்த்து டீசலைக் குறைத்துக்கொள்கிறது. பதிலுக்கு இழுவை குறைவதை லோயர்கேம்பிலிருந்து ஏறும்போது நன்றாக உணரலாம்.

கெட்டால்தான் பிரச்சினை. என் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தது. பம்பு போய்விட்டது, மாற்றணும் என்று ஒரு இடத்தில் பெரிய தொகை சொன்னார்கள். வேறொருவரிடம் கொண்டுபோனேன். அவர் நாலு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, நாலு சின்ன பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தார். மூன்றில் அடி நனைந்தது, ஒன்றில் மட்டும் பாதி நிறைந்துவிட்டது. அந்த ஒரு இன்ஜெக்டர் வழியாக டீசல் திரும்பி ஓடியதால் ரயிலில் ஸ்டார்ட் ஆகும் அளவுக்கு அழுத்தம் ஏறவில்லை. பம்பு நன்றாகவே இருந்தது.

பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், கரியை எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கும் லாட்ஜுக்கும் மட்டும் ஓட்டினால் அது நடக்காது, விளக்கு எரியும். வாரத்தில் ஒரு நாள் தேனி வரைக்கும் இழுத்து விட்டு வருவேன்.

மெட்டுக்காரன், கம்பம்:

தேனி அண்ணே, ஒரு கேள்வி. ஜீப்பில் குழாய் நட்டை இளக்கி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம். சென்சார் வண்டியிலும் அப்படிப் பார்க்கலாமா?

பம்புக்கடை, தேனி:

ஓடும் வண்டியில் தொடவே கூடாது. என்ஜினை அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கச் சில நிமிஷம் விட வேண்டும். ஜீப்பிலும் நட்டைத்தான் இளக்குகிறோம். நாசில் நுனிக்கு எதிரே விரலை நீட்டுவதில்லை. டெஸ்டரில் 200 பாரில் பீய்ச்சுவதே தோலைத் துளைத்து உள்ளே போகும், 2,000 பாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. தைலம் தடவிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தில் உள்ளே பாய்ந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டிய காயம் அது, மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் விரலே போகும்.