சார்ட்டர் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, அந்தப் பள்ளியைக் கேள்வி கேட்பது யார்?

குயில்:
சான் ஹோசேயில் இருக்கிறோம். பெண்ணுக்கு ஆறாம் வகுப்புக்கு ஒரு சார்ட்டர் பள்ளியில் குலுக்கலில் இடம் விழுந்திருக்கிறது. கட்டணம் இல்லை, ஆனால் டிஸ்ட்ரிக்ட், அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, நடத்துவதும் இல்லை, தனியாக ஒரு போர்டு நடத்துகிறதாம். நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரியா இது? நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் போய் நிற்பது? இந்த வாரமே பதில் சொல்லியாக வேண்டும்.

வேலன்:
கிட்டத்தட்ட அப்படித்தான், பணம் அரசுடையது, நிர்வாகம் தனி. ஆனால் இங்கே அனுமதிக்குக் கெடு உண்டு. கலிபோர்னியாவில் முதல் அனுமதி அதிகபட்சம் 5 ஆண்டுதான், அப்புறம் பிள்ளைகளின் தேர்ச்சி, கணக்குவழக்கு எல்லாம் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள், மோசமாக இருந்தால் மூடவும் முடியும். அனுமதி கொடுப்பது பெரும்பாலும் உள்ளூர் டிஸ்ட்ரிக்ட், அவர்கள் மறுத்தால் கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான பகுதியின், கல்வி போர்டிடம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பள்ளிக்கு நேரில் போக வேண்டும், நிதி நிலையைக் கவனிக்க வேண்டும். இதற்கான செலவுக்குப் பள்ளியின் வருமானத்தில் பொதுவாக 1% வரை வாங்கிக்கொள்ளலாம். புகார் என்றால் முதலில் பள்ளியின் போர்டு, அதற்கு மேல் அனுமதி கொடுத்தவர்கள்.

மீனா:
அந்த 1% தான் எனக்கு உறுத்தல். 2019-இல் சான் டியேகோவில் ஏ3 என்ற நிறுவனத்தை நடத்தியவர்கள் மேல் வழக்கு வந்ததே, அவர்களுடைய ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளில், கோடைகால விளையாட்டு அணிகளில் இருந்த பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் மாணவர்களாகச் சேர்த்துக் கணக்குக் காட்டி அரசுப் பணத்தை வாங்கியிருந்தார்கள். அனுமதி கொடுத்ததில் சின்னஞ்சிறு டிஸ்ட்ரிக்ட்டுகளும் இருந்தன, தங்கள் சொந்தப் பள்ளிகளில் இருப்பதைவிடப் பல மடங்கு பிள்ளைகளுக்கு மேற்பார்வைக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தன. கண்காணிக்க வேண்டியவருக்கே அது வருமானம் என்றால் எப்படித் துருவிக் கேட்பார்? எல்லாச் சார்ட்டரும் அப்படி இல்லை, நல்ல பள்ளிகள் நிறைய உண்டு. ஆனாலும் யார் அனுமதி கொடுத்தது, எந்த ஆண்டு புதுப்பிப்பு வருகிறது, இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் சேர்க்காதீர்கள்.

வேலன்:
நியாயமான பேச்சு. 2020 முதல் இங்கே சார்ட்டர் போர்டுகளும் திறந்த கூட்டம்தான் நடத்த வேண்டும், வழக்கமான கூட்டமென்றால் 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். போகும் முன் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், அதில் தணிக்கையாளர் குறை என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள், அதே குறை போன ஆண்டும் இருந்ததா என்று கேளுங்கள்.

குயில்:
ரொம்ப நன்றி இருவருக்கும். தேடிப் பார்த்தேன், அனுமதி கொடுத்தது சாண்டா கிளாரா கவுண்டி போர்டு, புதுப்பிப்பு அடுத்த ஆண்டு. செவ்வாய்க்கிழமை பள்ளி போர்டு கூடுகிறது, நானும் கணவரும் போகிறோம்.