கொழும்பு – மாலே விமானம்: போக 1 மணி, வர 2 மணியா?

அலைமகள்:
ஜூலையில் கட்டுநாயக்கவிலிருந்து மாலே போகிறோம். டிக்கெட்டில் 13:30 புறப்பாடு, 14:30 இறக்கம். திரும்பும்போது 12:00க்கு ஏறி 14:00க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. காற்றினாலா இவ்வளவு வித்தியாசம்? தூரமும் ஒரு தளத்தில் 419 மைல், இன்னொன்றில் 482 மைல். ரிசோர்ட்டுக்கு அன்றைக்கே கடல் விமானம் பிடிக்க வேண்டும்.

ஓடுபாதை22:
இரண்டு பக்கமும் ஒன்றரை மணிதான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம் அச்சாகும். மாலே நேரம் இலங்கையைவிட 30 நிமிடம் பின்னால். போகும்போது அரை மணி குறைகிறது, வரும்போது கூடுகிறது. 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இன்னும் அரை மணி முன்னால் ஓடியது. பழைய அட்டவணை வைத்துக் கணக்குப் போட்டால் அதிலும் பிசகும்.

தூரம் இரண்டுமே சரி. 419 கடல் மைல், 482 தரை மைல், கிலோமீட்டரில் 776. கையாலேயே பார்க்கலாம்: அட்சரேகை 7.18 – 4.19 = 2.99 பாகை, அது 332 கி.மீ. தீர்க்கரேகை 79.88 – 73.53 = 6.35 பாகை, இந்த இடத்தில் பாகைக்கு 110.5 கி.மீ. வைத்தால் 702. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், குறுகிய தூரத்துக்குத்தான் இந்தச் சுருக்குவழி. லண்டன் – நியூயார்க்குக்கு இதைப் போடாதீர்கள்.

776ஐ 830 கி.மீ. வேகத்தால் வகுத்து 56 நிமிடம் என்று முடிவு கட்டவும் கூடாது. ஏறவும் இறங்கவும் தலா 20 நிமிடம் போல ஆகும், முழு வேகத்தில் பறப்பது அரை மணிகூட இல்லை. ஆகாயத்தில் 65–70 நிமிடம், மீதி ஓடுபாதைக்குப் போய் நிற்பதும் இறங்கியபின் ஊர்வதும்.

மேகக்கூட்டம்:
காற்றையும் சொல்லிவிடலாம். ஜூலையில் தரையில் தென்மேற்குப் பருவக்காற்று, ஆனால் 35,000 அடியில் கிழக்கிலிருந்து வீசும். மாலே போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். இவ்வளவு சின்ன தூரத்தில் மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நிமிட லாபம். மழை இருட்டி, மாலேக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றவிட்டால் அதுவும் போச்சு.

நீலத்தும்பி:
உண்மையான சிக்கல் 14:30 இறக்கம். கடல் விமானம் பகலில் மட்டும்தான். பெரும்பாலும் 15:30க்குள் மாலேயில் இறங்குகிறவர்களைத்தான் அன்றைக்கே ஏற்றுவார்கள். ஒரு மணி நேரத் தாமதம் வந்தால் விளிம்பில் நிற்பீர்கள். காலை விமானத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு, செலவு உங்கள் தலையில். மாலத்தீவின் பயண அறிவிப்புப் படிவத்தைப் புறப்பாட்டுக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். கவுண்டரில் அதைக் கேட்டு, அங்கே நின்று நிரப்பினால் வரிசை போய்விடும்.

அலைமகள்:
நன்றி. ரிசோர்ட் கடைசி நேரம் 16:30 என்று எழுதியிருக்கிறதே?

நீலத்தும்பி:
அது தீவு நேரமா என்று கேளுங்கள். பல ரிசோர்ட்டுகள் மாலையில் வெளிச்சம் கூட இருக்கட்டுமென்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும். அப்படியானால் அது மாலேயின் 15:30. திரும்பும் நாளில் கைபேசி மாலே நேரத்தைத்தான் காட்டும், வரவேற்பறையில் தீவு நேரம் சொல்வார்கள். ஏற்றிச்செல்லும் நேரத்தை “மாலே நேரம்” என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.