'போலிச் சிப்பாய்கள்' – அந்த வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

டெக்சாஸ்வாசி:
2007 செப்டம்பர் கடைசி. வலதுசாரி ரேடியோ தொகுப்பாளர் ரஷ் லிம்பா, ஈராக் போரை எதிர்த்த வீரர்களைத் தன் நிகழ்ச்சியில் 'போலிச் சிப்பாய்கள்' என்று சொன்னதாகச் சர்ச்சை கிளம்பியிருந்த நேரம். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் டீம் லீடின் பிக்கப்பில்தான் போவோம். ஈராக்கில் இரண்டு முறை இருந்துவிட்டு வந்தவர். வண்டியில் லிம்பாவைத் தவிர வேறு எதுவும் ஓடாது. அன்று அந்தப் பேச்சுத் துண்டை மறுபடி போட்டார்கள். போனில் வந்தவர், டிவிக்காரர்கள் நிஜச் சிப்பாய்களிடம் பேசுவதே இல்லை என்கிறார். "போலிச் சிப்பாய்கள்" என்று லிம்பா எடுத்துக் கொடுக்கிறார். கடை வாசலில் வண்டி நின்றுவிட்டது, டீம் லீட் இறங்கவில்லை. கை ரேடியோ குமிழ் மேலேயே இருந்தது. அணைக்கவும் இல்லை, சத்தத்தைக் கூட்டவும் இல்லை. அப்புறம், "உனக்கு டாக்கோவா, பரிட்டோவா?" என்றார். இந்தப் போர் வீண் என்று அவரே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஜெர்சி மாமா:
தம்பி, பாதி கேட்டுவிட்டு எழுதாதீர்கள். லிம்பா சொன்னது ஜெஸ்ஸி மெக்பெத்தை. 44 நாளில் ராணுவத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவன், ரேஞ்சர் என்ற சிறப்புப் படை வீரன் என்றும் ஈராக்கில் அப்பாவிகளைக் கொன்றேன் என்றும் கதை விட்டு, பொய் ஆவணத்துக்காக 5 மாதம் ஜெயில். அதே மாதம்தான் ஈராக்கில் அமெரிக்கப் படைத் தளபதியாக இருந்த ஜெனரல் பெட்ரேயஸைத் துரோகி என்கிற மாதிரி நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் வந்து, செனட்டே கண்டித்தது. அதற்குப் பதிலடி தேடியவர்களுக்கு இது வாகாகக் கிடைத்தது. தினமும் மூன்று மணி நேரம் கேட்டவன் சொல்கிறேன்.

கவிதா_விர்ஜினியா:
மூன்று மணி நேரம் கேட்டவருக்கு "சிப்பாய்கள்" பன்மை என்பது காதில் விழவில்லையா மாமா? மெக்பெத் பேச்சு வந்தது அதற்கப்புறம். பிறகு 'முழுசும் இதோ' என்று லிம்பாவே போட்டபோது நடுவில் ஒன்றரை நிமிடம் காணோம்!

நான் சொல்ல வந்தது வேறு. துணி துவைக்கும் கடை டிவியில் வோட்வெட்ஸ் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் விளம்பரம். பிரையன் மெக்கோ என்ற ஈராக் வீரர், தன் தலையில் பாய்ந்த குண்டுச் சிதறல் நிஜம் என்று லிம்பாவுக்குச் சொல்கிறார். பக்கத்தில் ஒரு பெண்மணி ராணுவச் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்தார், மறுபடி மடித்தார். மூன்று தடவை. அந்த மெக்கோவைத்தான் லிம்பா பிறகு தற்கொலைப்படை ஆளோடு ஒப்பிட்டுப் பேசினார். இதற்கும் மெக்பெத்தான் காரணமா?

பழைய பஞ்சாங்கம்:
என் கதை சின்னது. செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த ஹாரி ரீடும் கூட 40 செனட்டர்களும் லிம்பாவைக் கண்டிக்கச் சொல்லி, அவர் நிகழ்ச்சியை ஒலிபரப்பிய கிளியர் சேனல் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை லிம்பா ஈபேயில் ஏலம் விட்டாரே, அதை ஆபீஸில் ரிஃப்ரெஷ் செய்து செய்து பார்த்து மேனேஜரிடம் மாட்டினேன். 21,00,100 டாலருக்குப் போனது. லிம்பாவும் அதே அளவு போட்டு, இறந்த மரைன்கள், போலீஸார் பிள்ளைகளுக்கான நிதிக்குக் கொடுத்தார்.

டெக்சாஸ்வாசி, உங்களுக்கு ஒரு யோசனை. விசாவில் இருப்பவர் அடுத்தவர் வண்டியில் ரேடியோ கேட்கக் கூடாது. கேட்டாலும் முகத்தில் காட்டக் கூடாது. மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், செலவும் மிச்சம், வயிற்றுக்கும் நல்லது. சொந்த வண்டி இல்லையென்றால் பழைய கேம்ரியாகப் பாருங்கள், லட்சம் மைல் ஓடியிருந்தாலும் பரவாயில்லை. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஊர்க்காரர் விற்கிறார் என்று நம்பி மெக்கானிக்கிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

டெக்சாஸ்வாசி:
இது 2007 கதை சார், இப்போது என்னிடம் இரண்டு வண்டி இருக்கிறது. மாமா, லிம்பா யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. மறுநாளும் அதே பிக்கப், அதே ஸ்டேஷன். நானும் ஏறி உட்கார்ந்தேன்.